கை ரேகை தெரியும் வரை

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஊருக்கு வந்திருந்த ஒருவன் ஒரு படம் போட்டான். மேற்கே மலை, அடியில் ஒரு வரிசை மரம், மேலே சாம்பல் என்றும் சொல்ல முடியாத, நீலம் என்றும் சொல்ல முடியாத ஒரு வானம். அவனுடைய போனுக்கு அந்த நிறம் பிடிபடவில்லை. புள்ளி புள்ளியாக உதிர்ந்து கிடந்தது. படத்துக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வார்த்தை எழுதியிருந்தான். ஒருத்தி விடவில்லை. இதுக்குக் கருக்கல்னு பேரு, சென்னைக்குப் போனா ஊர்ப் பேச்சும் போயிருமாடா என்று கேட்டாள்.

பிடித்துக்கொண்டது சண்டை. கரு என்றால் கருப்பு, அதிலிருந்து வந்தது கருக்கல் என்றான் ஒருவன். கருகுதல், தீய்ந்துபோதல், ராத்திரி கருகி அடங்குகிற நேரம் என்றான் இன்னொருவன். வீட்டில் தெலுங்கு பேசுகிற நம் தோழி, எங்க வீட்டுல மசகன்னு சொல்லுவோம், நீங்க மசங்கல்னு சொல்லுறதே எங்ககிட்ட எடுத்ததுதான் என்று வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாள். அகராதிப் பக்கங்கள் வந்து விழுந்தன. அது விடியலா, அந்தியா, ரெண்டுமா என்று வாக்கெடுப்பு கூட நடந்தது. கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினீர்கள். நீதான எழுதுற ஆளு, நீ சொல்லு.

சொல்கிறேன். நமக்கெல்லாம் ஐம்பது ஆகிவிட்டது, இனிமேல் சொல்லாமல் வைத்திருந்து என்ன செய்ய. கருக்கல் என்ற சொல்லுக்காக என் அம்மா ஒரு வழக்கு நடத்தியிருக்கிறாள். கோர்ட்டில் இல்லை, மாந்தோப்பில். ஜெயித்தாள். அதை எழுதாமல் அகராதியைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை.

நாம் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. ராஜபாளையத்தில் எங்கள் தெரு மேற்குக் கடைசி. தெரு முடிந்ததும் வண்டிப்பாதை, பாதை முடிந்ததும் மாந்தோப்பு, தோப்பு முடிந்ததும் மலை. அந்தத் தோப்பை உங்களில் பலர் பகலில் பார்த்திருப்பீர்கள், வேலி தாண்டிக் கல்லெறிந்திருப்பீர்கள். எனக்கு அது பகலில் அவ்வளவாகப் பழக்கமில்லை. நான் அதைப் பாதத்தால் அறிந்தவள்.

தோப்பில் கன்று வைத்த வருசம் மழை பொய்த்துவிட்டதாம். எங்கள் தெருப் பெண்கள் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றிக் கன்றுகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். தோப்புக்காரர் அதற்குப் பதிலாக ஒரு வாக்குக் கொடுத்தார். மரம் காய்க்கத் தொடங்கியதும், கருக்கலில் கிடக்கிற உதிர்காய் இந்தத் தெருவுக்கு. விடிந்த பிறகு கிடப்பது தோப்புக்கு. எழுத்து இல்லை, சாட்சி இல்லை, வாய்ச்சொல்தான். ஆனால் அதற்கென்று சட்டம் இருந்தது. மரத்தை உலுக்கக் கூடாது. கம்பு கொண்டுபோகக் கூடாது. முக்கியமாக, விளக்குக் கொண்டுபோகக் கூடாது. அரிக்கேன், டார்ச், தீப்பெட்டி எதுவும் கூடாது. உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். கை தெரியும், கையில் ரேகை தெரியாது. அதுவரைக்கும் பொறுக்கலாம். ரேகை தெரிந்துவிட்டால் நிமிர்ந்துவிட வேண்டும்.

அம்மா காலால் தேடுவாள். சருகுக்குள் பாதத்தைத் துழாவித் துழாவிப் போவாள். கல் சில்லென்று இருக்கும். காய் அவ்வளவு சில்லென்று இருக்காது. தவளை இரண்டுக்கும் நடுவில் இருக்கும், அதை நான் கற்றுக்கொண்ட விதம் வேறு. பெருவிரலில் வழுவழுவென்று தட்டுப்பட்டதும் குனிவாள், காம்பைத் தடவுவாள், ஓலைப்பெட்டிக்குள் போடுவாள். அந்த ஓலைப்பெட்டியின் விளிம்பில் சிவப்புச் சாயம் தோய்த்த ஓலை ஓடியிருக்கும். இப்போது அது எங்கே போனதென்று தெரியவில்லை. வௌவால் கடித்துப் போட்ட பழம், பச்சைக் காய், வெம்பல், எல்லாம் ஒரே இருட்டில் ஒரே விலை. காம்பு முறிந்த இடத்தில் பால் வடிந்து விரல் பிசுபிசுக்கும். அந்தப் பாலின் நெடி, பனியில் நனைந்த சருகின் வாசம், வேலிக்கு அந்தப் பக்கம் யாருடைய மாடோ விடுகிற மூச்சு. பெண்கள் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். மேலே எங்கேயோ காம்பு விடும். ஒரு நொடி ஒன்றும் இருக்காது. பிறகு தொப்பென்று ஒரு சத்தம். எல்லாக் கால்களும் அந்தப் பக்கம் திரும்பும்.

கொண்டுவந்ததை அம்மா கீறி உப்புப் போட்டு மொட்டைமாடியில் காயவைப்பாள். எங்கள் வீட்டில் வருசம் முழுக்கக் குழம்பு புளித்தது அந்தக் கருக்கல் வெளிச்சத்தால்தான்.

அந்த வருசம் தோப்புக்காரர் காலமாகிவிட்டார். மதுரையில் இருந்த பிள்ளைகள் காயை ஸ்ரீவில்லிபுத்தூர் பழமண்டிக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். மண்டிக்காரர் வயதான ராவுத்தர், கணக்கில் கண்டிப்பு, வாக்கில் அதைவிடக் கண்டிப்பு என்று பேர். தெரு வழக்கத்தைச் சொன்னபோது, அது அப்படியே இருக்கட்டும், கருக்கல் காய் அவங்களுக்கே என்று ஒத்துக்கொண்டாராம். காவலுக்குக் கூமாப்பட்டியிலிருந்து ஒரு ஆளைப் போட்டார். அந்தக் கோடையில் நோன்பு மாதமும் மாங்காயும் சேர்ந்தே வந்தன.

ஒருநாள் நாங்கள் பொறுக்கிக்கொண்டிருந்தபோது திடீரென்று ஒரு வெளிச்சம் அம்மாவின் முகத்தில் அடித்தது. மூன்று பாட்டரிக் கட்டை போட்ட டார்ச். பின்னால் காவக்காரர்.

"விடிஞ்ச பொறவும் பொறுக்குதியே, இதுக்குப் பேரு களவாணித்தனம்."

மற்ற பெண்கள் கலைந்து வேலிப்பக்கம் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வார்த்தை அப்படிப்பட்டது. அம்மா நகரவில்லை. வெளிச்சத்தில் கண் கூசி, முகத்தைத் திருப்பாமல் நின்றாள். எனக்கு இன்றைக்கும் அம்மாவின் முகம் என்றால் அந்த முகம்தான், சுற்றிலும் ஒன்றும் தெரியாமல் நடுவில் அது மட்டும்.

"விடிஞ்சிருச்சுன்னா டார்ச்சு எதுக்கு?" என்று கேட்டாள்.

அவர் ஓலைப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். மொதலாளிகிட்டப் பேசிக்க என்றார்.

நாங்கள் வீடு திரும்பிக் கொஞ்ச நேரத்தில் அப்பா மில்லில் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து குளித்தார். விசயத்தைக் கேட்டதும் தலையைத் துவட்டாமலே உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்கு நேரம் என்றால் மில் சங்கு. சங்கு ஊதினால் விடிந்தது, ஊதாவிட்டால் விடியவில்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. இதற்குப் போய் மண்டிக்காரரிடம் வழக்காடுவதா, பெட்டிதானே, போனால் போகிறது என்று சொன்னார். இனிமேல் தோப்புப் பக்கமே போக வேண்டாம் என்றும் சொன்னார்.

"பெட்டி போகட்டும்," என்றாள் அம்மா. "பேரு?"

அப்பா துண்டை எடுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினார். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று அன்றைக்கு மனசுக்குள் எழுதிவைத்தேன். ரொம்ப வருசம் அதை அழிக்கவில்லை. இப்போது நினைத்தால், வேலை நிரந்தரமாகாத ஒரு மனிதர், மனைவி மேல் களவு என்ற சொல் மில் வாசல் வரை வந்துவிடக் கூடாதே என்று அதைக் குழிதோண்டிப் புதைக்கப் பார்த்திருக்கிறார். புதைத்தால் அது அங்கேயே முளைக்கும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்து வீட்டு அத்தை அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டாள். நம்மள்ல ஒருத்தி தோத்தா தெருவே தோத்தாப்புல, போயிட்டு வா, மசக வெளிச்சத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றாள். நான் சொன்னேனே, வீட்டில் தெலுங்கு பேசுகிற தோழி, அவளுடைய அம்மாதான். இது அவளுக்கே தெரியுமோ என்னவோ.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். கோபுரம் தெரிகிற தெருவிலேயே மண்டி. வைக்கோல் மேல் சப்பட்டை மாம்பழம் ஒரு மலை, பஞ்சவர்ணம் ஒரு மலை. பழுத்த வாசனை தொண்டைக்குள் இறங்கித் தித்திக்கும். உச்சிவெயில். மண்டிக்காரர் நோன்பில் உதடு காய்ந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். லோடு ஏற்றிவந்த காவக்காரரும் ஓரமாக நின்றார். எங்கள் பெட்டி அங்கேயேதான் இருந்தது. சிவப்பு விளிம்பைப் பார்த்ததும் நான் அதை அம்மாவுக்குக் கைகாட்டினேன்.

மண்டிக்காரர் அம்மாவை உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் பக்கத்தைச் சொன்னார்.

"தங்கச்சி, நான் நோன்பு வச்சிருக்கேன், பொய் சொல்லல. கெழக்கே வானத்துல வெள்ளை நூலாட்டம் ஒரு கோடு ஓடும். அது தெரிஞ்சிருச்சுன்னா அதுக்குப் பொறவு ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன். எனக்கு விடிஞ்சாச்சு. எனக்கு விடிஞ்சது ஒங்களுக்கு மட்டும் விடியாதா? நூலு தெரிஞ்ச பொறவு பொறுக்கினா விடாதன்னு இவன்கிட்ட நான்தான் சொன்னேன்."

மண்டியில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கே அது நியாயமாகப் பட்டது. ஒரு மனிதர் தன் பசியை வைத்து அளக்கிற அளவு, அதில் எப்படிப் பொய் இருக்கும்?

"வானத்துக்கு விடிஞ்சிருக்கும் அண்ணாச்சி," என்றாள் அம்மா. "தரைக்கு விடியலயே. நாங்க வானத்துலயா காய் பொறுக்கோம்?"

யாரோ சிரித்தார்கள். மண்டிக்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டு, பிறகு உங்களுக்கு எதுதான் கணக்கு என்று கேட்டார். கை ரேகை என்றாள் அம்மா. எங்கே, கையைக் காட்டு பார்ப்போம் என்றார். அம்மா நீட்டினாள்.

மாம்பால் பட்டுப் பட்டுத் தோல் கருத்து, வெந்து உரிந்து, மறுபடியும் கருத்த கை. மண்டிக்காரர் அதைப் பார்த்தார். "இந்தக் கையில பட்டப்பகல்லயே ரேகை தெரியலயே தங்கச்சி. இத வச்சுப் பாத்தா ஒங்களுக்கு என்னைக்குமே விடியாது."

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். காவக்காரர் ரொம்பச் சிரித்தார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன், போயிருவோம் என்று. அம்மா கையை மடக்கவில்லை. நீட்டினபடியே வைத்திருந்தாள், சிரிப்பு ஓய்கிற வரைக்கும்.

"என் கை வேண்டாம்," என்றாள். "ஒங்க கையப் பாருங்க. வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. பட்டப்பகல்ல உக்காந்து கருக்கலப் பத்திப் பேச முடியாது அண்ணாச்சி."

மண்டிக்காரர் தன் உள்ளங்கையைத் திருப்பி ஒருதரம் பார்த்துக்கொண்டார். அப்புறம், வாரேன் என்றார்.

இதில் அம்மா என்ன செய்துவிட்டாள், யோசித்துப் பாருங்கள். தராசை எடுத்து எதிராளியின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பஸ்ஸில் எனக்கு நிலக்கடலை வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் விடியுமுன்னே நாங்கள் போனபோது மண்டிக்காரர் தோப்பில் இருந்தார். முந்தின சாயங்காலமே எங்கள் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து காவல் குடிசையில் தங்கிவிட்டாராம். இந்தத் தடவை தெருப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை முன்னால் நின்றாள். மண்டிக்காரர் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அம்மாவைக் கூப்பிட்டு, அந்தா பாரு, நூலு என்று காட்டினார். மரங்களுக்கு நடுவே, வானத்தின் அடி விளிம்பில், நிறமே இல்லாத ஒரு கோடு. அம்மா உற்றுப் பார்த்தாள். ஆமா, தெரியுது என்று ஒத்துக்கொண்டாள். அவர் துண்டை விரித்து மரத்தடியில் தொழுதார். பெண்கள் அதுவரைக்கும் வேலியோரம் நின்றார்கள்.

தொழுது முடித்து எழுந்தவரிடம் அம்மா சொன்னாள், "இப்பக் கீழ பாருங்க."

கீழே ஒன்றும் இல்லை. தரை என்று ஒன்று இருப்பதாகக் கால்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சரியாக அப்போது மேலே காம்பு விட்டது. அந்த ஒரு நொடி. தொப். மண்டிக்காரருக்குப் பக்கத்திலேயே விழுந்தது. அவர் குனிந்து தடவினார். ஒரு கல்லை எடுத்தார், போட்டார். சருகை அளைந்தார். காவக்காரரின் டார்ச் பழக்கத்தில் க்ளிக் என்றது.

"அணைப்பா," என்றார் மண்டிக்காரர்.

அம்மா நின்ற இடத்திலிருந்தே ஒரு காலை நீட்டி அந்தக் காயை அவர் பக்கம் உருட்டிவிட்டாள். "கண்ணுக்குத் தெரியிறது ஒங்களுக்கு அண்ணாச்சி. கால்ல தட்டுப்படுறதுதான் எங்களுக்கு. அம்புட்டுதான் கணக்கு."

அவர் அந்தக் காயைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு காவக்காரரைக் கூப்பிட்டார். களவாணின்னு சொன்னியாமே, அந்த வாயால தங்கச்சின்னு சொல்லிப் பெட்டியக் குடு என்றார். காவக்காரர் குடிசைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்தார். இந்தா தங்கச்சி என்றார். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னாலும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பொறுக்குங்க," என்றார் மண்டிக்காரர். "நான் கையப் பாத்துக்கிட்டு நிக்கேன். தெரிஞ்சதும் சொல்லுதேன்."

கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். காவக்காரருக்குக் குறும்பு போகவில்லை. மொதலாளி கண்ணாடியக் கழட்டுனா மத்தியானம் வரைக்கும் கருக்கல்தான் என்றார். பக்கத்து வீட்டு அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். மண்டிக்காரரும் சிரித்தார். பெண்கள் உள்ளே இறங்கினார்கள்.

ஏட்டி, நீ இங்கனயே நில்லு என்று அம்மா என்னை அவர் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனாள். அதனால்தான் நான் அதைப் பார்த்தேன். ஒரு சொல் பிறப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அவர் கை முதலில் ஒரு வெளிறிய துணி மாதிரி இருந்தது. யாரோ காற்றில் காயப்போட்ட துணி. பிறகு அதற்கு விரல்கள் முளைத்தன. மேற்கே மலை இருட்டிலிருந்து ஒரு தோளை எடுத்து வெளியே வைத்தது. மரங்கள் ஒன்றையொன்று விட்டு விலகி நின்றுகொண்டன. நான் என் கையையும் நீட்டிப் பார்த்துக்கொண்டேன். கை இருந்தது. யாருடைய கை என்று மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.

அவர் எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், தெரியுது என்று. யாராலும் மறுக்க முடியாது. கை அவருடையது, கண் அவருடையது, தோப்பும் அந்த வருசத்துக்கு அவருடையது. தொப், தொப் என்று காய் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் புருவம் அசைந்தது. அவர் வியாபாரி. விழுகிற ஒவ்வொரு காயும் அவர் காதில் விழுந்தது. ஆனால் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நண்பர்களே, அகராதியில் இதைப் போட்டுக்கொள்ளுங்கள். கருக்கல் என்பது வானத்தில் நூல் தெரிவதிலிருந்து கையில் ரேகை தெரிவது வரை. முதல் எல்லை பசித்தவருடையது, இரண்டாவது எல்லை பொறுக்குகிறவளுடையது. கரு என்ற வேரைச் சொன்னவன் சொன்னது சரியாகவே இருக்கட்டும். ஆனால் பனைமட்டையின் ஓரத்துக்குக் கருக்கு என்று பேர், அரிவாளின் பல்லுக்குக் கருக்கு என்று பேர். எனக்கென்னவோ கருக்கல் என்றால் அந்த ஓரம்தான் கையில் படுகிறது. அறுக்கிற ஓரம். இது பண்டிதர்கள் ஒத்துக்கொள்கிற வேர் இல்லை என்று எனக்கும் தெரியும். அவர்கள் அந்தத் தோப்பில் நின்றதில்லை.

பிறகு, ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் அது வந்தது. என் உள்ளங்கையில் கட்டைவிரலைச் சுற்றி ஒரு கோடு, மெல்லிசாக, யாரோ ஊசியால் கீறினது போல. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நிமிர்ந்தார்.

"தெரியுது," என்றார்.

தோப்பு முழுக்க முதுகுகள் நிமிர்ந்தன. அம்மா எங்களுக்கு எதிரே, கூப்பிடு தூரம் கூட இல்லை, குனிந்தபடி இருந்தாள். கையில் ஒரு காய். பஞ்சவர்ணம், நல்ல கனம், அடிபடாத காய். பெட்டிக்கு மேலே வந்துவிட்ட கை அப்படியே நின்றது. அவள் அந்தக் காயைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்து, எடுத்த இடத்திலேயே, சருகின் மேல் அதை வைத்தாள்.

"இது ஒங்களுது அண்ணாச்சி."

எல்லோரும் மண்டிக்காரரைப் பார்த்தார்கள். பரவாயில்லை, நீயே வச்சுக்க என்று சொல்லுவார் என்றுதான் நானும் நினைத்தேன். காவக்காரர் அதைச் சொல்லத் தயாராக வாயைக்கூடத் திறந்துவிட்டார். மண்டிக்காரர் சொல்லவில்லை. நடந்து போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்தக் காயை எடுத்தார். துண்டில் துடைத்துத் தன்னுடைய கூடையில் போட்டுக்கொண்டார். பிச்சை போடுகிறவர் மாதிரி நடந்துகொள்ளவில்லை. கணக்கு நேர் செய்கிறவர் மாதிரி நடந்துகொண்டார். அம்மா தலையை ஒருதரம் ஆட்டினாள். அவரும் ஆட்டினார்.

திரும்பும்போது அம்மா எப்போதும் வருகிற குறுக்குப் பாதையில் வரவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, மில் வாசல் வழியாக, ஷிப்டு முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே நடந்தாள். நான் அவள் பின்னால் நடந்தேன். அந்த ஒரு காய் அதில் இல்லை. பெட்டியில் இருந்ததெல்லாம் எங்களுடையது.